வெள்ளிக்கிழமைப் பாறைகள்

வண்டிக்குள்ளேயே கட்டில் இருந்தது, அடுப்பு இருந்தது, முகம் கழுவத் தொட்டியும் இருந்தது. உலை கொதிக்கக் கொதிக்க ஊர் தாண்டிப் போகலாம். வெளிநாட்டில் இருக்கிற மகன் அமர்த்திக் கொடுத்த கேரவன். ஆனால் செய்யதம்மா ஏறின நேரத்திலிருந்து கட்டிலில் முதுகைச் சாய்க்கவில்லை, அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, வெளியே ஓடுகிற செம்பாறைகளை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டு வந்தாள். சந்தைக் கூட்டத்தில் தன் ஆட்டைத் தேடுகிறவள் பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"இது இல்ல" என்றாள். கொஞ்சம் போனதும், "இதுவும் இல்ல."

பாலைவனம் என்றால் மணல் மட்டும்தான் என்று நினைத்திருப்பவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். தரை பாய் விரித்த மாதிரிக் கிடக்கும். திடீரென்று நடுவில் ஒரு பாறை, இடுப்பு மெலிந்து தலை பருத்து, வானத்தை முட்டிக்கொண்டு நிற்கும். எத்தனையோ காலத்துக் காற்று உட்கார்ந்து அரித்த அரிப்பு. கூலி கேட்காமல் இத்தனை வேலை பார்த்தது காற்று ஒன்றுதான்.

திவான் ஒலி மனைவிக்கு எதிரே உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். அவர் பாறைகளைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்க்கிற செய்யதம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு "இல்ல"வுக்கும் அந்த முகம் ஒரு சுற்று இளைத்தது.

வண்டி ஓட்டியவன் சோபன்ராஜ், மார்த்தாண்டம் பக்கத்து ஆள். பல வருசமாக இந்தப் பாலையில் சுற்றுலாக்காரர்களைச் சுமக்கிறவன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது.

"பாய் இங்கன வேல பாத்த ஆளுன்னுல்லா உங்க மவன் சொன்னாரு. பொறவு என்ன, அக்கா வழி சொல்லுதாவ, பாய் சோத்துக்கு வந்த விருந்தாளி மாதிரி இருக்கிய?"

"அவக கழுவுன ஆளு தம்பி" என்றாள் செய்யதம்மா, ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

சோபன்ராஜ் கண்ணாடி வழியாகத் திவான் ஒலியை ஒரு தடவை நன்றாகப் பார்த்தான். "அந்த ஆளுவளா! நான் கேள்விப்பட்டதோட சரி. தலையில ஒரு தொப்பி மாட்டி, உள்ள உள்ள ஞாபகத்த எல்லாம் உருவிருவாவளாமே. மாட்டும்போ வலிக்குமா பாய்?"

"வலிச்சிருந்தாலும் அதையும்ல சேத்துக் கழுவிருப்பான்" என்றார் திவான் ஒலி.

சோபன்ராஜ் சிரித்துவிட்டான். திவான் ஒலியும் சிரித்தார். பிறகு அவராகவே சொன்னார். "வந்து எறங்குனது தெரியும் தம்பி. வரிசையில நின்னது தெரியும். கட்டவிரல வச்சது தெரியும். அடுத்து பாத்தா அதே ஏர்போர்ட்ல பெட்டியோட நிக்கேன். காதோரம் நரை. உள்ளங்கையில ஒரு தழும்பு, எப்படி வந்ததுன்னு இன்னும் தெரியாது. நடுவுல மூணு வருசம், தறியில இழை அறுத்துவிட்ட கணக்கா."

"எதுக்கு அப்பிடி ஒரு காரியம்னு உங்ககிட்ட சொன்னானுவளா?"

"பூமிக்குள்ள எதையோ கட்டுனாங்க. எங்க கட்டுனான், எத்தன வாசல், எந்தப் பக்கம் கதவுன்னு கட்டுனவனுக்கே தெரியக்கூடாது. வாயக் கட்டுனா ஒரு நாள் அவுந்துரும்ல. அதான் மண்டையக் கழுவுனான்."

"நீங்க சம்மதிச்சியளா?"

"எல்லாரும்தான் சம்மதிச்சோம். பட்ட கஷ்டமும் சேந்து மறந்துபோகும்னு சொன்னாங்க. கஷ்டம் மறந்துபோனா நல்லதுதானன்னு நெனச்சோம். கஷ்டத்த மட்டும் தனியா வடிகட்ட முடியாதுன்னு எங்களுக்கு எங்க தெரிஞ்சுது."

வடிகட்டும்போது கூடவே என்ன போனது என்று அவர் சொல்லவில்லை. அது செய்யதம்மாவின் பொருள். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது அதை எடுத்து வெளியே காட்ட அவருக்கு உரிமை இல்லை.

விஷயம் இதுதான். கடையநல்லூரில் இவர்களுக்கு நிக்காஹ் ஆகி, விருந்துச் சோறு முழுசாகச் செரிக்கும் முன்னே விசா வந்துவிட்டது. கூட்டுக் குடும்பம். வீடு நிறைய ஆள். புதுப்பெண்ணும் மாப்பிள்ளையும் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசியிருக்க மாட்டார்கள். அவர் விமானம் ஏறிப் போனபோது, போகிறவர் முகம்கூட அவளுக்குப் பழகியிருக்கவில்லை. பிறகுதான் போன் வந்தது. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிந்து, கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்தில்தான் செய்யதம்மா கல்யாணம் கட்டினாள் என்று சொல்ல வேண்டும். போனில் பேசியவன் வேறு மாதிரியான ஆளாக இருந்தான். சிரிக்க வைப்பான். பாறைகளைப் பற்றிச் சொல்வான். தொழுகைக்கு உட்காரப்போய் மூன்று கால்களை மடக்கிவிட்டு, ஒரு காலை மட்டும் மடக்கமாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒட்டகப் பாறை. இடுப்பில் கையை ஊன்றி மூச்சு வாங்குகிற நிறைமாசக்காரிப் பாறை. ஆப்பக் கல் பாறை. மாமியாரும் மருமகளும் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்கிற இரட்டைப் பாறை. என் ரூமுக்குப் பக்கத்திலேயே ஒரு ஓடை, படுத்தால் தலைமாட்டில் தண்ணீர் பேசிக்கொண்டே இருக்கும் என்பான். ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்து எல்லாவற்றையும் காட்டுவேன் என்பான்.

மூன்று வருசம் கழித்துத் திரும்பி வந்து இறங்கியவர் திவான் ஒலி. அவருக்கு ஒட்டகமும் தெரியாது, ஓடையும் தெரியாது. பெண்டாட்டியின் குரல்கூட அவருக்குப் புதுசு. நிக்காஹ் முடிந்து வெட்கத்தோடு நின்ற இடத்திலேயே அவர் நின்றுகொண்டிருந்தார். அவளோ மூன்று வருச தூரம் நடந்து போய், திரும்பிப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. அவரோடு வாழ்ந்தாள், இரண்டு பிள்ளை பெற்றாள், அவர் சென்டரிங் வேலைக்குப் போன ஊர்களுக்கெல்லாம் தூக்குவாளியில் சோறு கட்டிக் கொடுத்தாள். எப்போதாவது, மீன் அலசும்போதோ துணி மடிக்கும்போதோ, "போன்ல பேசுறப்ப ஒரு தடவ அவக என்ன சொன்னாக தெரியுமா" என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் ஆரம்பிப்பாள். அடுத்த அறையில் திவான் ஒலி மூச்சை அடக்கிக்கொண்டு கேட்பார். தன் பெண்டாட்டி இன்னொருத்தனைப் பற்றிப் பேசுகிற மாதிரி இருக்கும். அவனை அடிக்கவும் முடியாது, தேடிப் பிடித்துக் கேட்கவும் முடியாது. அவன் தன் சட்டைக்குள்ளேயே இருக்கிறான்.

புளியங்குடியில் இன்னொரு கழுவின ஆள் இருந்தார். வேலை பார்த்த இடத்துக்குத் திரும்பிப் போய் நின்றதும் எல்லாம் மடமடவென்று திரும்பி வந்துவிட்டதாம், அணை திறந்த மாதிரி. உண்மையோ பொய்யோ, திவான் ஒலி அதைப் பிடித்துக்கொண்டார். மகனிடம் உம்மாவுக்குப் பாறை பார்க்க ஆசை என்றுதான் சொன்னார். தன் ஆசையைச் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை போனில் பேசின அந்தப் பயலாக இருந்து அவளிடம் நாலு வார்த்தை பேசிவிட வேண்டும். அதற்கப்புறம் மறந்தாலும் போகட்டும்.

பொழுது சாய்கிற நேரத்தில் சோபன்ராஜ் வண்டியை ஒரு பெரிய வளைவுப் பாறையின் அடியில் நிறுத்தினான். பாறை நடுவில் ஓட்டை விழுந்து, ஒட்டகக் கூட்டமே நுழைந்து போகிற அளவுக்கு வாசல் வைத்திருந்தது. நாலைந்து கேரவன்கள் ஏற்கெனவே நின்றன. யாரோ இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள். சோபன்ராஜ் டீ போட உள்ளே போனான்.

திவான் ஒலி இறங்கிப் போய்ப் பாறையில் உள்ளங்கையை வைத்தார். வெயில் ஏறியிருந்த கல் சுட்டது. வா, என்றார் மனதுக்குள். வந்து தொலை. கல் கல்லாகவே இருந்தது. திரும்பிப் பார்த்தார். செய்யதம்மா நெற்றிக்குக் கையைக் கொடுத்து, கண் கூச, ஒவ்வொரு பாறையாக எண்ணிக் கழித்துக்கொண்டிருந்தாள். அவரால் தாங்க முடியவில்லை.

"ஏளா" என்றார். "வருது."

அவள் திரும்பின வேகத்தில் முந்தானை நழுவியது. "என்ன மச்சான்? என்ன வருது?"

"இங்கனதான் நின்னேன். இந்த நெழல்ல நின்னுதான் உங்கிட்ட போன் பேசுனேன்."

"என்ன பேசுனீய?"

"கல்லப் பத்தி. அந்த ஒட்டகம். மூணு கால மடக்கிட்டு, ஒத்தக் கால மட்டும் மடக்கமாட்டேன்னு…"

அவள் கண் இரண்டும் பளபளவென்று ஆகிவிட்டன. கிட்டே வந்து அவர் கையைப் பிடித்தாள். "அதுக்கு நான் அன்னைக்கு என்ன சொன்னேன்? சொல்லுங்க."

பாறைகளைப் பற்றி அவன் சொன்னதை அவள் ஊருக்கே சொல்லியிருக்கிறாள். தான் என்ன பதில் சொன்னாள் என்று யாரிடமும் சொன்னதில்லை. திவான் ஒலி திரும்பிப் பாறையைப் பார்த்தார். இறைச்சிப் புகை வந்து கண்ணில் அடித்தது.

செய்யதம்மா அவர் கையை விடவில்லை. மெல்லத் தடவிக் கொடுத்தாள். "பரவால்ல மச்சான்" என்றாள்.

அடித்திருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

டீ குடிக்கும்போதும் செய்யதம்மாவின் கண் பாறைகளையே சுற்றியது. சோபன்ராஜ்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டான். "அக்கா, நீங்க தேடுத கல்லு எப்பிடி இருக்கும், அதச் சொல்லுங்க. இந்தப் பாலையில நான் பாக்காத கல்லே கெடையாது."

அவள் சொன்னாள். ஒட்டகம், நிறைமாசக்காரி, ஆப்பக்கல், மாமியார் மருமகள். பக்கத்தில் ஓடுகிற ஓடை.

"ஓடையா?" என்றான் அவன். "இங்கன மழ பெய்ததே எங்க அப்பன் காலத்துலயாக்கும்." டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தான். பிறகு, சொல்லலாமா வேண்டாமா என்கிற குரலில் சொன்னான். "அக்கா, தப்பா நெனச்சுக்கிடாதுங்க. வேல பாத்த ஆளுவள வெளிய விடவே மாட்டானுவ. பஸ்சு கண்ணாடியில கருப்பு பூசித்தான் கூட்டிட்டு வருவானுவளாம். வந்ததும் நேரா லிப்டு. கீழ எறங்கினா, வேல முடிஞ்சு ஊருக்குப் போம்போதான் மேல. வெளிய விட்டா எங்க இருக்கோம்னு தெரிஞ்சிருமில்லா?"

"அவக வெளிய நின்னுதான் பேசுனாக" என்றாள் செய்யதம்மா.

"போனையும் ஒருத்தன் ஒட்டுக் கேப்பானாம். உள்ளத உள்ளபடி சொன்னா லைனு கட்டு." கையிலிருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கட்டாவாம மூணு வருசம் பேசியிருக்காருன்னா…"

முடிக்காமல் விட்டான். முடிக்க என்ன இருக்கிறது. செய்யதம்மா டீயைக் கீழே வைத்தாள்.

"அந்த எடத்துக்குப் போக முடியுமா?"

"ஓ, போலாமே. கீழ பெரிய மாளிகையாக்கும். உலகம் அழியும்போ ஒளிஞ்சுக்கிடணும்னு பெரிய மனுசங்க கட்டுனது. உலகம் அழியல்ல, அவங்கதான் ஒவ்வொருத்தரா மண்டையப் போட்டாவ. இப்பம் டிக்கெட்டு போட்டுக் காட்டுதானுவ. தொழிலாளி கெடந்த பக்கமும் தொறந்துதான் கெடக்கு. அங்க டிக்கெட்டும் கெடையாது, ஆளும் போவாது."

மறுநாள் காலையில் போனார்கள். வாசலில் உட்கார்ந்திருந்த காவல்காரன் போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை ஆட்டினான். லிப்ட் இறங்கியது, இறங்கியது, இறங்கிக்கொண்டே இருந்தது. செய்யதம்மா கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள். கதவு திறந்ததும் ஒரு நீளமான குடைவு. பாறையை வெட்டினார்களே ஒழிய, செதுக்கவில்லை, பூசவில்லை. மாளிகைப் பக்கத்துக்குப் பளிங்கு போட்டவர்கள் இந்தப் பக்கத்துக்கு ஒரு சட்டிச் சிமெண்டுகூடச் செலவழிக்கவில்லை. இரும்புக் கட்டில்கள், மூன்று மூன்று அடுக்காக, கண்ணுக்கு எட்டின மட்டும் வரிசையாகப் போயின. மஞ்சள் விளக்கு. ஜன்னல் என்று ஒன்று கிடையாது.

திவான் ஒலி நின்று பார்த்தார். எதுவும் வரவில்லை. அணையும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனால் உடம்பு மட்டும் என்னவோ செய்தது. தோள்கள் தானாகக் குறுகின. யாரும் குனியச் சொல்லாமலே அவர் குனிந்து நடந்தார்.

"மச்சான், சத்தம் கேக்குதா?" என்றாள் செய்யதம்மா.

குடைவின் கடைசியில், சுவரை ஒட்டி ஆள் பருமனுக்கு ஒரு குழாய் ஓடியது. மாளிகைக்குத் தண்ணீர் கொண்டுபோகிற குழாய். உள்ளே தண்ணீர் களகளவென்று, விடாமல், என்னவோ சொல்லிக்கொண்டே போனது. குழாயை ஒட்டி ஒரே ஒரு அடுக்கு. அதன் மேல்தட்டுக் கட்டிலின் தலைமாட்டை உரசிக்கொண்டு குழாய் போயிற்று.

அவள் ஏணியைப் பிடித்தாள்.

"ஏளா, முட்டி வலியோட எங்க ஏறுத?"

"ஓடை" என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். சோபன்ராஜ் ஓடிவந்து ஏணியைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, விழுந்து வச்சிராதுங்க, உங்க மவன் என்னய உயிரோட விடமாட்டாரு" என்றான். அவள் மேலே போய், துருப்பிடித்த கம்பியின் மேல், மெத்தையில்லாத கட்டிலில் மல்லாந்து படுத்தாள்.

 திவான் ஒலி ஏணியடியில் நின்று அண்ணாந்து பார்த்தார்.

"செய்யதம்மா?"

"ஏறி வாங்க மச்சான்."

அவர் ஏறினார். ஒரு ஆளுக்குச் செய்த கட்டில். அவள் ஒருக்களித்து இடம் விட்டாள். இரண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு படுத்தார்கள். சோபன்ராஜ் கீழே நின்று தொண்டையைச் செருமினான். "நான் அந்தப் பக்கம் போய் நிக்கேன். ரெண்டு பேரும் நல்லா சுத்திப் பாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

முகத்துக்கு மேலே, கையை முழுசாக நீட்ட முடியாத கிட்டத்தில், பாறைக் கூரை. வெட்டின மேனிக்கு விட்ட கூரை. புடைப்பும் பள்ளமும், சில்லும் பிசிறும். விளக்கு வெளிச்சம் ஒரு பக்கமாக விழுந்து ஒவ்வொரு புடைப்புக்கும் ஒரு நிழல் வைத்திருந்தது.

செய்யதம்மா விரலை உயர்த்தினாள். விரல் கல்லைத் தொட்டது.

"ஒட்டகம்" என்றாள்.

கட்டைவிரல் பெரிசுக்கு ஒரு புடைப்பு. மூன்று பக்கம் உள்ளே மடங்கி, ஒரு பக்கம் மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. அவள் விரல் நகர்ந்தது. "நெறமாசக்காரி." வயிறு தள்ளின ஒரு சில்லு. "ஆப்பக்கல்லு. அந்தா, மாமியா, மருமவ." விரல் ஒன்றிலும் தடுமாறவில்லை. சொந்த வீட்டு அடுக்களையில் இருட்டில் உப்பு எடுக்கிற கை மாதிரிப் போனது. வானம் முட்டுகிற பாறைகளென்று அவள் ஆயுசெல்லாம் நினைத்திருந்தது அத்தனையும் ஒரு பாய் அகலத்துக்குள் அடங்கிக் கிடந்தது.

"ஒத்தக் கால மட்டும் மடக்கலன்னு சொன்னீயல்ல" என்றாள்.  "அதையாவது மடக்காம வைங்க, ஊருக்கு நடந்து வரணும்லன்னு சொன்னேன். அதான் நான் சொன்னது."

திவான் ஒலி கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அந்தப் பயல் இங்கேதான் கிடந்திருக்கிறான். வெயில் படாமல், காற்று படாமல், மூன்று வருசம். மற்றவர்கள் குறட்டை விட, இந்தக் கல்லை முறைத்துப் பார்த்து முறைத்துப் பார்த்து, வெள்ளிக்கிழமைக்கு ஒன்றாகச் சேர்த்து வைத்திருக்கிறான். ஏசி ரூம், நல்ல சாப்பாடு, ஒரு குறையும் இல்லை என்று எல்லாரும் வீட்டுக்குச் சொல்கிற பொய்தான். இவன் கொஞ்சம் பெரிசாகச் சொல்லிவிட்டான். முப்பது வருசத்துக்கு மேலாக அவனை விரோதி மாதிரி நினைத்ததற்கு அவருக்கு இப்போது வெட்கமாக இருந்தது. கிட்டே இருந்தால் ஒரு வாய் தண்ணீர் கொடுத்திருக்கலாம்.

"ஞாபகம் வரலல்ல?" என்று கேட்டாள் செய்யதம்மா.

"இல்ல."

இந்த முறை அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. அவரும் வந்ததாக நடிக்கவில்லை. கூரை இன்னும் கொஞ்சம் கீழே இறங்கின மாதிரி இருந்தது. அதன் மேலே அத்தனை பாறையும், அதன் மேலே அத்தனை மணலும் ஏறி உட்கார்ந்திருப்பதை அவர் நெஞ்சு உணர்ந்தது.  கூரையில் அவள் தொடாத மூலையில் ஏதோ ஒரு புடைப்பு இருந்தது. அதற்கு ஒரு பேர் வைத்துச் சொன்னால் அவள் சிரிப்பாள் என்று தெரிந்தது. வாய் வரைக்கும் வந்தது. அதைச் சொல்லவில்லை.

"எனக்கு பயமா இருக்கு ளா" என்றார். "மூச்சு முட்டுது. இது மேல விழுந்துரும் போல இருக்கு."

அது இப்போதைய பயமா, அப்போதே இங்கே போட்டுவிட்டுப் போன பயமா என்று அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் போனில் ஒரு வெள்ளிக்கிழமைகூட இப்படி ஒரு வார்த்தை வந்திருக்காது என்பது மட்டும் நிச்சயம்.

செய்யதம்மா இறங்கலாம் என்று சொல்லவில்லை. சரிந்து அவர் தோளில் காதை வைத்துப் படுத்தாள்.

"ம்" என்றாள். "சொல்லுங்க."